உறைபனி காணாத ஊரும் உறையாத குழாய்களும்

திருவனந்தபுரம் கடலுக்கும் மலைக்கும் நடுவே அமைந்த நகரம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகச் சென்றால் சுமார் 70 கிலோமீட்டர். சாலைக் கடைத்தெருவில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. இந்நகரத்தில் ஆண்டில் இரு மழைக்காலங்கள் உண்டு. வியர்வைக் காலம் உண்டு. குளிர்காலம் என்ற ஒன்று இல்லை. ஜனவரி மாத இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராமற்போவது இங்கும் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் பனியல்ல.

அப்படிப்பட்ட ஊரில், குழாய் உறையாமல் காக்கும் கலையை உலகத்தரத்தில் அறிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கிறார்கள் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அது உண்மை. அவர்கள் காப்பது வீட்டுக் குழாய்களையல்ல, விண்கலங்களின் குழாய்களை. அந்த வரலாற்றையும், அது நடந்தேறிய இடங்களையும், அதிலிருந்து நம் அன்றாட வாழ்வுக்குக் கிடைக்கும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேலைநிமித்தம் வாழ்கின்றனர். அங்கே வீட்டு வாடகை தாங்காமலோ, பணியிடம் ஊருக்கு வெகுதொலைவில் இருப்பதாலோ, சக்கரம் பூட்டிய கேரவன் வீடுகளில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு. விடுமுறைக்கு அத்தகைய வாகனத்தை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களும் உண்டு. வெப்பநாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பனியின் சுபாவம் தெரியாது. தெரியாமையினால் வரும் சேதம் சில நேரங்களில் பணத்தோடு நிற்கும்; சில நேரங்களில் உயிரையும் கேட்கும். ஆகவே இது வெறும் வேடிக்கைப் பயணக் கதையன்று.

ஓடும் வீட்டின் நரம்புகள்

கேரவன் என்பது ஒரு சிறு வீடு. அதன் தரைக்கு அடியில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதிலிருந்து நீரைத் தள்ளும் சிறு மின்பம்பு, சமையல் தொட்டிக்கும் குளியலறைக்கும் செல்லும் விரல் பருமனான குழாய்கள், வெந்நீர்க் கலம், பயன்படுத்திய நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு மற்றொரு தொட்டி. நிலத்தில் கட்டிய வீட்டில் குழாய்கள் மண்ணுக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் பாதுகாப்பாக இருக்கும். கேரவனிலோ மெல்லிய தகட்டுக்கு அப்பால் குளிர்காற்று வீசிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டிலும் மேலிருந்தும் மட்டுமல்ல, கீழேயிருந்தும் குளிர் ஏறும்.

தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஏறக்குறைய எல்லாத் திரவங்களும் உறையும்போது சுருங்குகின்றன. தண்ணீர் மட்டும், வேறு சில பொருட்களைப் போல, உறையும்போது விரிகிறது. 0 டிகிரியில் பனிக்கட்டியாகும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. இக்குணத்தினாலேயே பனிக்கட்டி ஏரியின் மேல் மிதக்கிறது. அடியிலிருக்கும் மீன்கள் பிழைக்கின்றன. ஆனால் மூடிய குழாய்க்குள் அதே குணம் நாசத்தை விளைவிக்கிறது.

குழாய் வெடிக்கும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. பனிக்கட்டி உண்டான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அப்படியல்ல. குழாயின் நடுவில் பனி அடைப்பு உண்டாகி வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட தண்ணீர் போக இடமின்றி நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் தாங்காமல் குழாயோ, இணைப்போ, வால்வோ பிளக்கிறது. பிளந்தது அப்போதே தெரியாது. பனி இளகி நீர் ஓடத் தொடங்கும்போதுதான் தரையெல்லாம் வெள்ளமாகும்.

கேரள அரசும் கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்க 2021-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2022-ல் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா அமைந்தது. மூணாறின் சில தேயிலைத் தோட்டங்களில் ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவதும், புல்லின்மேல் வெண்பனி படிவதும் உண்டு. எனினும் சூரியன் உதித்த சில மணி நேரத்தில் அது மறைந்துவிடும். குழாயைப் பிளக்கும் அளவுக்கு அக்குளிர் நிலைப்பதில்லை. நாட்கணக்கில் நிலைக்கும் குளிரை நம் தேசத்தில் காண லடாக் வரை செல்லவேண்டும். அல்லது, திருவனந்தபுரத்தின் கடற்கரையிலிருந்து தலையை உயர்த்தி வானத்தை நோக்கவேண்டும்.

தும்பாவில் ஓர் ஆலயம்

நகரின் வடமேற்கே, வேளி ஏரியைக் கடந்து கடலோரமாகச் சென்றால் தும்பா என்னும் மீனவர் கிராமம் வரும். வெண்ணிறப் பூப்பூக்கும் தும்பைச் செடியே அவ்வூருக்குப் பெயர் தந்ததாகக் கூறுவர். பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூருக்கு வெகு அருகில் செல்கிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய இதைவிடப் பொருத்தமான இடங்கள் உலகில் மிகச் சிலவே. ஆகையால் 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் விக்ரம் சாராபாயின் கண் இவ்வூர்மேல் விழுந்தது.

ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். அவர்கள் தொழுத புனித மகதலேனா மரியாள் ஆலயமும், ஆயர் இல்லமும் அங்கே இருந்தன. சாராபாய் திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைச் சந்தித்து இடத்தைக் கேட்டார். ஆயர் அதைச் சபையாரின் முன் வைத்ததையும், அவர்கள் இசைந்ததையும் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் பல இடங்களில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆலயம் விண்வெளி ஆய்வகமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. மீனவக் குடும்பங்கள் தங்கள் குடியிருப்பை விட்டு வேறிடம் பெயர்ந்தன. அருகிலுள்ள பள்ளித்துறையில் அவர்களுக்குப் புதிய ஆலயம் எழுந்தது.

ஒரு சமூகம் தன் தொழுகையிடத்தையும் பிறந்த மண்ணையும் விட்டுக்கொடுப்பது எளிதான காரியமல்ல. ஊரை விட்டு நகரத்திற்குப் பெயர்ந்துவந்த நம்மில் ஒவ்வொருவருக்கும் அதன் வலி தெரியும். இந்தியாவின் விண்வெளிச் சாதனைகளைப் போற்றும் நாம், அவற்றின் அஸ்திபாரத்தில் பெயரறியாத மீனவர்களின் இழப்பும் கிடக்கிறது என்பதை மறக்கலாகாது.

1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலையில் இங்கிருந்து முதல் ராக்கெட் ஏறியது. 'நைக் அப்பாச்சி' என்னும் அந்த அமெரிக்க ராக்கெட் ஆலயக் கட்டடத்திலேயே பொருத்தப்பட்டது. அதை ஏவுதளத்தில் தூக்கி நிறுத்த முயன்றபோது, பளுதூக்கியின் திரவ அழுத்த அமைப்பில் கசிவு ஏற்பட்டது. ஆட்கள் ஒன்றுகூடிக் கைகளாலேயே அதைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று கலாம் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். இந்திய விண்வெளி முயற்சியின் முதல் நாளன்றே வந்த முதல் இடையூறு ஒரு கசிவு! அன்று தொடங்கி இன்றுவரை, குழாயும் வால்வும் இந்த ஊரின் விஞ்ஞானிகளை விட்டு விலகவேயில்லை.

சாராபாய் 1971 டிசம்பர் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் காலமானார். அவர் பெயரால் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இங்கே நிலைபெற்றது. பழைய ஆலயம் 1985 முதல் விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. உயர்ந்த முகப்பும் கல் சுவர்களும் அப்படியே இருக்கின்றன. மக்கள் முழங்கால்படியிட்ட தளத்தில் இன்று ராக்கெட்டுகளின் மாதிரிகளும் செயற்கைக்கோள்களின் பாகங்களும் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள்.

அங்கே செல்பவர்கள் செயற்கைக்கோள் மாதிரிகளின் மேல் சுற்றப்பட்டிருக்கும் பொன்னிறத் தாளைக் கவனிக்கவேண்டும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்து செல்கின்றனர். அதுதான் விண்கலத்தின் கம்பளி.

வலியமலையின் குழாய்க்காரர்கள்

நகரிலிருந்து நெடுமங்காடு செல்லும் திசையில், ரப்பர் தோட்டங்களுக்கும் பசுமையான குன்றுகளுக்கும் நடுவே வலியமலை இருக்கிறது. இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இங்கேதான் உள்ளது. பொதுமக்கள் உள்ளே செல்ல இயலாது. சாலையிலிருந்து காண்பதெல்லாம் மதிலும் மரங்களும் மட்டுமே. ஆனால் அந்த மதிலுக்குள் வேலைசெய்கிறவர்களை, மரியாதைக் குறைவின்றி, உலகின் மிகச் சிறந்த குழாய்க்காரர்கள் என்று அழைக்கலாம். மையத்தின் முதல் இயக்குநரான முத்துநாயகம் குமரி மண்ணைச் சேர்ந்தவர். பின்னாளில் இம்மையத்தை நடத்திய சிவனும், நாராயணனும் குமரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு இஸ்ரோவின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார்கள். நாராயணன் 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்றார்.

செயற்கைக்கோளும் ஒருவகையில் கேரவன்தான். பழுதுபார்க்க எவரும் வரமுடியாத பாதையில் பல ஆண்டுகள் ஓடும் வாகனம். அதற்குள்ளும் தொட்டிகள், விரலிலும் மெல்லிய குழாய்கள், வால்வுகள், வடிகட்டிகள் எல்லாம் உண்டு. தண்ணீருக்குப் பதிலாக எரிபொருளும் அதை எரியச்செய்யும் திரவமும் அவற்றில் ஓடுகின்றன. நம் பெரிய செயற்கைக்கோள்களில் இவ்விரு திரவங்கள் மோனோ மெத்தில் ஹைட்ரசினும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் கலவையும் ஆகும். முதலாவது மைனஸ் 52 டிகிரியில் உறையும். இரண்டாவது மைனஸ் 15 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். பல சிறு செயற்கைக்கோள்களில் பயன்படும் ஹைட்ரசினோ இன்னும் மென்மையானது. பூஜ்யத்திற்கு மேல் 2 டிகிரி அளவிலேயே, ஏறக்குறைய நம் தண்ணீரைப் போலவே, உறைந்துபோகும்.

விண்வெளியில் சூரியன் படும் பக்கம் கொதிக்கும். நிழற்பக்கம் நூறு டிகிரிக்கும் கீழே குளிரும். ஆகவே மூன்று விதங்களில் குழாய்களைக் காக்கிறார்கள். முதலாவது, வெப்பம் வெளியேறாதபடி பல அடுக்குகளாலான பளபளப்புத் தாளைப் போர்த்துகிறார்கள். இரண்டாவது, குழாயின்மேலும் தொட்டியின்மேலும் மெல்லிய மின்சூடேற்றிகளை ஒட்டுகிறார்கள். மூன்றாவது, எந்த இடத்தில் எவ்வளவு குளிர் என்று சொல்லும் உணர்விகளை அங்கங்கே பதிக்கிறார்கள். போர்வை, சூடு, கண்காணிப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நெடுநாள் தாங்குவதில்லை. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூட்டைத்தான் காக்கும். கண்காணிப்பு இல்லாவிட்டால் சூடேற்றி நின்றுபோனதே தெரியாது.

செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யான் இதற்கு நல்ல உதாரணம். 2013 நவம்பர் 5-ஆம் தேதி புறப்பட்ட அக்கலத்தின் முதன்மை இயந்திரம் டிசம்பர் முதல் நாளன்று இயங்கியபின், ஏறக்குறைய 300 நாட்கள் ஓய்ந்திருந்தது. இத்தனை நாள் சும்மா கிடந்த வால்வு திறக்குமா, குழாய் வழிவிடுமா என்ற கேள்வி எல்லாரையும் வாட்டியது. அதை முன்கூட்டியே எண்ணி, எரிபொருள் செல்ல இணையான மாற்றுப் பாதை ஒன்றையும் அமைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22-ல் சுமார் 4 விநாடிகள் மட்டும் இயக்கிப் பார்த்தார்கள். இயங்கிற்று. இரண்டு நாட்களுக்குப்பின், 24-ஆம் தேதி, கலம் செவ்வாயின் பாதையில் நுழைந்தது. 6 மாதங்களுக்கென்று திட்டமிடப்பட்ட அக்கலம் 2022 வரை தொடர்பிலிருந்தது.

இளக்குவதிலும் ஒரு முறை உண்டு

ஒருவேளை உறைந்தேவிட்டால்? அதற்கும் வழியுண்டு என்பதை வேறொரு விண்கலத்தின் வரலாறு காட்டுகிறது. சூரியனை ஆராய ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1995 டிசம்பரில் 'சோஹோ' என்ற கலத்தை அனுப்பின. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது நின்றது. 1998 ஜூன் 25-ஆம் தேதி அது நிலைதடுமாறி, சூரியத்தகடுகள் சூரியனைப் பாராமல் திரும்பிவிட்டன. மின்சாரம் போயிற்று; சூடேற்றிகள் நின்றன; ஹைட்ரசின் தொட்டியிலும் குழாயிலும் உறைந்தது. ஆகஸ்ட் 3-ல் அதிலிருந்து மெல்லிய சமிக்ஞை ஒன்று கேட்டது. உடனே எல்லாவற்றையும் சூடாக்கிவிடத் தோன்றும். ஆனால் அவர்கள் அவசரப்படவில்லை.

ஹைட்ரசின் தண்ணீருக்கு நேர்மாறானது. உறையும்போது சுருங்கும், இளகும்போது விரியும். குழாயின் நடுப்பகுதி முதலில் இளகி, இருபுறமும் அடைப்பு இருக்குமானால், விரியும் திரவம் போக இடமின்றிக் குழாயைக் கிழித்துவிடும். ஆகவே ஆகஸ்ட் 12-ல் தொட்டியை முதலில் இளக்கத் தொடங்கினார்கள். அது திரவமான பின்பே குழாய்களின் பக்கம் வந்தார்கள். நடுவில் மின்கலங்களுக்குச் சக்தியேற்றச் சூடேற்றுவதை நிறுத்தியும் காத்திருந்தார்கள். செப்டம்பர் 16-ல் கலம் மீண்டும் சூரியனை நோக்கித் திரும்பியது. அதன்பின் இருபதாண்டுகளுக்கும் மேலாக அது வேலைசெய்தது. நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6-ஆம் தேதி போய்ச் சேர்ந்ததும் அதே சுற்றுப்புறத்திற்குத்தான்.

வீட்டுக் குழாய்க்கும் இதே முறைதான். உறைந்த குழாயை இளக்கும்போது முதலில் குழாய்வாயைத் திறந்துவைக்கவேண்டும். திறந்த வாயின் அருகிலிருந்து தொடங்கி, அடைப்பை நோக்கிச் சிறிது சிறிதாகச் சூடேற்றவேண்டும். அப்போது இளகிய நீரும் ஆவியும் வெளியேற வழியிருக்கும். நடுவில் தொடங்கினால் ஆபத்து.

குளிரையே எரிபொருளாக்கியவர்கள்

இதுவரை நாம் கண்டது குளிரினின்று குழாயைக் காப்பது. வலியமலையில் இதைவிடக் கடினமான வேலையும் நடக்கிறது. கிரையோஜெனிக் இயந்திரத்தில் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும், மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் ஓடுகின்றன. இக்குளிரில் நாம் சுவாசிக்கும் காற்றே கல்லாகிவிடும். ஹைட்ரஜன் குழாய்க்குள் சிறிது காற்றோ, கடலோர ஊரின் ஈரப்பதமோ தங்கியிருந்தால், அது உறைந்து வால்வை அடைத்துவிடும். ஆகவே எரிபொருளை நிரப்புமுன் ஹீலியம் வாயுவைச் செலுத்திக் குழாய்களைச் சுத்தமாகத் துடைத்தெடுக்கிறார்கள். அந்தக் குளிரிலும் உறையாத வாயு அது ஒன்றே.

இத்தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெற 1991-ல் ஒப்பந்தமாயிற்று. அமெரிக்காவின் எதிர்ப்பினால் 1993-ல் தொழில்நுட்பம் மறுக்கப்பட்டு, தயாரித்த இயந்திரங்கள் மட்டுமே கிடைத்தன. நம்மவர்கள் தாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியின் அடிவாரத்தில் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2010 ஏப்ரல் 15-ல் முதல் முயற்சி தோற்றது; எரிபொருளைத் தள்ளும் துணைப்பம்பு நின்றுபோயிற்று. 2014 ஜனவரி 5-ல் வெற்றி கிடைத்தது. ஆனாலும் 2021 ஆகஸ்ட் 12-ல் ஒரு ராக்கெட் தவறியது. ஆராய்ந்தபோது, ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்றில் மென்மையான அடைப்பு வளையம் சேதமடைந்து கசிந்தது என்று இஸ்ரோ வெளிப்படையாகத் தெரிவித்தது. நம் வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டுவது போன்ற ஒரு சிறு குறை, மாபெரும் முயற்சியைக் கவிழ்த்துவிட்டது.

நிலவின் இரவு

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதை மெல்ல இறக்கிய 4 இயந்திரங்களும் வலியமலை மையத்தின் உழைப்பு. அக்கலத்தில் சென்ற 'சாஸ்தே' என்னும் கருவி, தும்பாவிலுள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார் அகமதாபாத் ஆய்வகத்தோடு இணைந்து உருவாக்கியது. 10 வெப்ப உணர்விகளைக் கொண்ட ஒரு கோலை அது நிலவின் மண்ணுக்குள் செலுத்தியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கும் மேலான வெப்பம். ஒரு சாணுக்கும் குறைவாக, வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில், மைனஸ் 10 டிகிரி அளவில் குளிர்!

காற்றில்லாத நிலவின் தூள்மண் வெப்பத்தைக் கடத்துவதில்லை. அவ்வளவு சிறந்த போர்வை அது. குளிர்நாடுகளில் தண்ணீர்க் குழாய்களை ஆழமாகப் புதைப்பதன் இரகசியமும் இதுவே. மேலே பனி பெய்தாலும் குறிப்பிட்ட ஆழத்திற்குக் கீழே நிலம் உறைவதில்லை.

நிலவின் இரவு நம் கணக்கில் சுமார் 14 நாட்கள். அப்போது குளிர் மைனஸ் 200 டிகிரி வரை இறங்கக்கூடும். 1970-ல் ரஷ்யா அனுப்பிய லூனோகோட் ஊர்தி, பொலோனியம் என்னும் கதிரியக்கப் பொருளின் சூட்டினால் பல இரவுகளைத் தாண்டியது. விக்ரமில் அத்தகைய அடுப்பு இல்லை. ஒரு பகல் வேலைக்கென்றே அது படைக்கப்பட்டது. செப்டம்பர் 4-ல் அது உறங்கவைக்கப்பட்டது. செப்டம்பர் 22-ல், விடிந்தபின், எழுப்ப முயன்றார்கள். பதில் வரவில்லை. கொடுத்த வேலையை முடித்துவிட்டபடியால் அது தோல்வியன்று. ஆயினும் சூடு நின்றுபோனால் எவ்வளவு உறுதியான இயந்திரமும் இரவைத் தாண்டாது என்பது அதனால் விளங்குகிறது.

குளிர்நாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு

இனி, கேரவனில் குளிர்காலத்தைக் கழிக்கும் நம்மவர்களுக்குச் சில காரியங்கள்.

வாகனத்தைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைப்பதானால் தண்ணீரை வெளியேற்றுவதே முதன்மையான பாதுகாப்பு. வெந்நீர்க் கலத்தை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தைத் திறந்துவிட்டு வடிக்கவேண்டும். தொட்டிகளைக் காலிசெய்து, குளிர்நீர், வெந்நீர் வாய்கள் அனைத்தையும் திறந்துவைக்கவேண்டும். தாழ்ந்த வளைவுகளில் தங்கும் நீரைக் குறைந்த அழுத்தக் காற்றினால் ஊதி நீக்கலாம். அல்லது இதற்கென்றே விற்கப்படும், இளஞ்சிவப்பு நிறமுள்ள புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தைப் பம்பினால் குழாய்களில் நிரப்பலாம். மோட்டார் வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது, அது நஞ்சு. குளியல் கைக்குழாய், கழிவறையின் நீர்வால்வு, தொட்டியின் அடியிலுள்ள வளைகுழாய் ஆகியவற்றையே பலர் மறந்துவிடுகின்றனர்.

அதிலேயே குடியிருப்பதானால், விண்கலத்தின் மூன்று காவல்களும் இங்கேயும் வேண்டும். வாகனத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றித் தரைவரை மறைப்புக் கட்டிக் காற்றைத் தடுக்கவேண்டும். வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் ஹோஸுக்கும், தொட்டிகளுக்கும் மின்சூடேற்றிப் பட்டைகள் கிடைக்கின்றன. சமையல் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்துவைத்தால் அறையின் சூடு குழாயைத் தொடும். பல வாகனங்களில் நிலையான எரிவாயுச் சூடேற்றியின் காற்றுக்குழல்தான் தரைக்கு அடியிலும் சூட்டைக் கொண்டுசெல்கிறது. அதை நிறுத்திவிட்டுச் சிறு மின்ஹீட்டரை மட்டும் வைத்தால், மனிதர் குளிரார். ஆனால் குழாய் உறையும். கழிவுநீர் வால்வை எப்போதும் திறந்தே வைக்கலாகாது. சொட்டுச் சொட்டாக வழியும் நீர் வெளிக்குழாயில் உறைந்து அடைத்துவிடும். தொட்டி நிறைந்தபின் ஒரே மூச்சில் திறந்துவிடுவதே சரி. மலிவான வெப்பமானி ஒன்றைத் தொட்டிகளுக்கு அருகே வைத்துவிட்டால் கண்காணிப்பும் ஆயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. குழாயை இளக்கவோ, குளிர்காயவோ வாகனத்துக்குள் கரி அடுப்பையும், எரிவாயு அடுப்பையும், ஜெனரேட்டரையும் ஒருபோதும் பயன்படுத்தவேண்டாம். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே குடும்பத்தைக் கொன்றுவிடும். அந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி ஒவ்வொரு கேரவனிலும் இருக்கவேண்டும். அதன் பேட்டரியும் உயிரோடிருக்கவேண்டும். பிளந்த குழாயை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். ஊரிலிருக்கும் பெற்றோர் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கன்னியாகுமரிக்கோ கோவளத்துக்கோ குடும்பமாகச் செல்பவர்கள் ஒரு நாளைத் தும்பாவுக்கு ஒதுக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதியானபடியால் அடையாள அட்டை எடுத்துச் செல்லவேண்டும். பார்வை நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தைப் பார்த்துமுடித்தபின் பள்ளித்துறைப் பக்கமும் சற்று நடந்துவாருங்கள். இடம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அக்கடலில் வலை வீசுகிறார்கள். அவர்களில் எவரும் உறைபனியைத் தொட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் பனியிலும் பனியான நிலவில் நம் தேசத்தின் கருவிகள் நிற்பதற்கு முதல் அடி நிலம் அவர்கள் கொடுத்ததே. பிள்ளைகளுக்கு ராக்கெட்டைக் காட்டும்போது இதையும் சொல்லிக்கொடுங்கள்.